ஏற்றத்தில் மட்டும் மூச்சு வாங்கும் ஆம்னி

“டவுனுக்குள்ள ராஜா மாதிரி ஓடுதுண்ணே. சிறுமலை ஏறும்போதுதான் மூணாவது வளைவுலயே முக்குது. ஓரங்கட்டி ஒரு டீ குடிச்சுட்டு வந்தா திரும்பக் கிளம்பிடுது.”

திண்டுக்கல் பக்கம் பழைய ஆம்னி, மாருதி 800 வைத்திருப்பவர்கள் பட்டறையில் வந்து சொல்வது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கேட்டதுமே ‘கார்புரேட்டரைக் கழற்றிடலாம்’ என்று ஸ்பேனரை எடுக்கும் மெக்கானிக்கும் உண்டு. ‘எவ்வளவு நேரம் நிறுத்தினதுக்கு அப்புறம் கிளம்புச்சு?’ என்று திருப்பிக் கேட்கும் மெக்கானிக்கும் உண்டு. வண்டியை இரண்டாமவரிடம் விடலாம். நோயின் பாதி விவரம் அந்த டீ குடித்த நேரத்தில்தான் இருக்கிறது.

கார்புரேட்டருக்குள் ஒரு சின்னக் கிண்ணம் உண்டு. வீட்டு மாடித் தொட்டியில் பந்து மிதந்து தண்ணீரை அடைப்பதுபோல, இங்கேயும் ஒரு மிதவை பெட்ரோல் மட்டத்தைக் காக்கிறது. செம்பட்டி ரோட்டில் சீராகப் போகும்போது இன்ஜின் குடிப்பது கொஞ்சம்தான். பாதி அடைத்த குழாயில் வரும் பெட்ரோல்கூட அதற்குப் போதும். சிறுமலைப் பாதையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் ஆளும் சுமையுமாக ஏறும்போது குடிப்பது கூடும். வரவைவிடச் செலவு மிஞ்சும், கிண்ணம் வற்றும், வண்டி திணறும். நிறுத்தினால் பம்பில் மிச்சமுள்ள அழுத்தத்தில் கிண்ணம் கொஞ்சம் ஊறும். டேங்க்கின் உறிஞ்சு குழாய் வாயில் ஒட்டியிருந்த கசடும் விலகி அடியில் விழும். அதனால்தான் திரும்பக் கிளம்புகிறது. சமதளத்தில் மட்டும் ஓட்டிப் பார்த்து ‘வண்டி நல்லாத்தானே இருக்கு’ என்று சொன்னால் இந்தக் கோளாறு பிடிபடவே படாது.

இதே அறிகுறியை வேறொன்றும் காட்டும். சூடேறினால் செத்து, ஆறினால் பிழைக்கும் இக்னிஷன் காயில். பொதுவாக, பெட்ரோல் குறைந்தால் வண்டி முக்கி முனகித் தயங்கி நிற்கும். கரன்ட் போனால் சுவிட்சை அணைத்ததுபோல் சட்டென்று நிற்கும். நின்ற உடனே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை, நனைந்திருந்தால் பெட்ரோலைக் குறை சொல்ல வேண்டியதில்லை. கேஸ் கிட் பொருத்திய ஆம்னி என்றால் வேலை சுலபம். அதே ஏற்றத்தில் கேஸில் நன்றாக ஏறி, பெட்ரோலில் மட்டும் முக்கினால் ஸ்பார்க் பக்கம் குற்றமில்லை. கேஸிலேயே ஓடும் வண்டிகளில் பெட்ரோல் குழாய்கள் பயன்படாமலே காய்ந்து வெடித்துக் கிடப்பதும் சகஜம்.

பெட்ரோல்தான் என்று தெரிந்த பிறகும் கார்புரேட்டரில் கை வைக்க அவசரம் வேண்டாம். அது பாதையின் கடைசி ஊர். தேடலை டேங்க்கிலிருந்து தொடங்க வேண்டும், அதிலும் முதலில் மூடியிலிருந்து. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று போயாக வேண்டும். அந்தக் காற்று வழி அடைத்தால் டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் இழுக்க இழுக்க வராது. வண்டி திணறும் நேரத்தில் மூடியைத் திறந்தால் ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுபடும், வண்டியும் உயிர் பெறும். செலவே இல்லாத சோதனை இது. பழைய மூடி தொலைந்து, கிடைத்த மூடியை மாட்டி ஓட்டும் வண்டிகளில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்து பில்டர், ரப்பர் ஹோஸ். டேங்க்குக்கும் பம்புக்கும் நடுவே உள்ள ஹோஸில் மயிரிழை வெடிப்பு இருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பல நேரம் சொட்டாது. அது உறிஞ்சும் பக்கம் என்பதால், வெளிக்காற்றுதான் உள்ளே போகும். பம்ப் பெட்ரோலோடு சேர்த்துக் காற்றையும் விழுங்கும். கீழே ஈரமே இல்லாததால் புது பம்ப் வாங்கிப் போட்டும் குறை தீராதவர்கள் இந்த ஹோஸை விரலால் மடக்கிப் பார்ப்பது நல்லது.

பம்ப்பை எளிதாகச் சோதிக்க ஒரு வழி உண்டு. 2000-க்கு முந்தைய ஆம்னி, 800 வண்டிகளில் இருப்பது இன்ஜினே அசைத்து ஓட்டும் டயாப்ரம் பம்ப். டயாப்ரம் கிழிந்தால் பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் இறங்கும். டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தால் பெட்ரோல் நெடி அடிக்கும், ஆயில் மட்டமும் ஏறியிருக்கும். ‘ஆயில் குறையவே இல்லை, நல்ல இன்ஜின்’ என்று சந்தோஷப்படுபவர்கள் கவனிக்க வேண்டும். நீர்த்த ஆயிலில் தொடர்ந்து ஓட்டினால் பேரிங் தேயும். பம்ப் செலவோடு முடிய வேண்டியது இன்ஜின் வேலையில் போய் நிற்கும்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில், பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. பழைய கார்புரேட்டரின் ஜெட் ஓட்டை அதே அளவில்தான் இருக்கிறது. புது வண்டியின் கம்ப்யூட்டர்போல அளவைக் கூட்டிக் கொடுக்க அதற்குத் தெரியாது. அதனால் அடைப்பே இல்லாமலும் இழுவை கொஞ்சம் குறையலாம். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும், பழைய கசடைக் கரைத்துக் கிளப்பும், அந்தக் காலத்து ரப்பரை ஊதவும் வைக்கும். பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பின் சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டிவரலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025-ல் சொன்னது. அதற்காக எல்லாப் பழியையும் எத்தனால் மேல் போடுவதும் சரியில்லை. பத்து வருடமாக மாற்றாத பில்டர் எந்தப் பெட்ரோலிலும் அடைக்கும்.

ஆம்னியில் ஹோஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. இன்ஜின் இருப்பது முன் சீட்டுக்கு அடியில். கசிந்தால் கசிவது குடும்பம் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குக் கீழே. வண்டிக்குள் பெட்ரோல் வாசனை வந்தால் ‘அப்புறம் பார்க்கலாம்’ வேண்டாம், அங்கேயே நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிட வேண்டும். வாயால் பெட்ரோல் உறிஞ்சுவதும், பாட்டிலில் பெட்ரோல் கட்டித் தொங்கவிட்டு ஓட்டிப் பார்ப்பதும் வீட்டு வாசலில் செய்கிற வேலை இல்லை. பெட்ரோல் குழாயைக் கழற்றிய நிலையில் பக்கத்திலேயே ஸ்பார்க் சோதிப்பதும் அப்படித்தான்.

பில்டரை மாற்றும்போது பழையதை மெக்கானிக்கிடமிருந்து கேட்டு வாங்கி, அதிலிருப்பதை பெட்ரோல் வந்த வழியாகவே ஒரு வெள்ளைத் துணியில் கொட்டச் சொல்லுங்கள். பழுப்புத் தூள் விழுந்தால் டேங்க் உள்ளே துரு. கறுப்புத் துணுக்கு என்றால் ஹோஸ் உள்பக்கம் உதிர்கிறது. முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் டேங்க்கை இறக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். துணி சுத்தமாகவே இருந்தால்தான் கார்புரேட்டரின் முறை வரும்.