படைத்தலைவர் மீது பிராது

ஆயுத பலத்தால் ராஜ்யத்தைக் கைப்பற்றிய ஒருவன்மீது, அவன் அதிகார பீடத்தில் வீற்றிருக்கும்போதே, அவன் ஆணை செல்லும் கோர்ட்டிலேயே பிராது கொடுப்பவனைப் பித்தன் என்றுதான் உலகம் சொல்லும். 1972-ம் வருஷத்தில் தாய்லாந்தில் அப்பட்டத்தைச் சூட்டிக்கொள்ளத் துணிந்தவர் மூவர். அவர்களுள் முதல்வர் சோன்புரிப் பிரதிநிதி உதய் பிம்சைச்சோன். ('உதயம்' என்னும் நமக்குப் பழக்கமான பதமே அவருடைய பெயர் என்பதை நேயர்கள் கவனிக்க.) பிரதிநிதி சபையின் சபாநாயகர் பதவி பிற்காலத்தில் மும்முறை அவரை வந்தடைந்தது. அவரைப் பற்றிப் பேசுவோர் பதவிகளையே முதலில் எண்ணுகிறார்கள். நமக்கோ அந்தப் பிராதே பெரிதாகத் தோன்றுகிறது.

நடந்தது இதுதான். சயாம் தேசத்தார் சுமார் ஒன்பது வருஷ காலம் காத்திருந்து 1968-ல் ஓர் அரசியல் சட்டத்தைப் பெற்றனர். மறு வருஷம் தேர்தல் நடந்தது. ஆனால் 1971 நவம்பர் 17-ம் தேதி, பிரதம மந்திரியாயிருந்த படைத்தலைவர் தானோம் கிட்டிகாச்சோன், சட்டத்தை ரத்துச் செய்து, சபையைக் கலைத்து, கட்சிகளையும் தடுத்துவிட்டார். தம் வீட்டுக்குத் தாமே கன்னம் வைத்தார் என்பதன்றி இதற்கு வேறென்ன பெயரிடுவது? தாய்லாந்தின் குற்றச் சட்டம் 113-வது ஷரத்து, பலாத்காரத்தால் அரசியல் சட்டத்தைக் கவிழ்ப்பவனுக்கு மரணம் அல்லது ஆயுள் தண்டனை என்கிறது. உதயும் இரு சகாக்களும் அந்த ஷரத்தையே கையிலேந்திக் குற்றவியல் நீதிமன்றத்தின் படியேறினர். வழக்கு நிலைக்கவில்லை. தானோமின் புரட்சிக் கவுன்சில், விசாரணை எதுவுமின்றி, வெறும் உத்தரவினால் உதய்க்குப் பத்து வருஷமும் மற்ற இருவருக்கும் ஏழு வருஷமும் சிறைவாசம் விதித்தது. எதிரியே நீதிபதியாகிப் பிராதுக்காரரைத் தண்டித்த இந்த விந்தைக்கு நிகரானதொன்றை, சட்டப் புஸ்தகங்களோடு நெடுநாள் பழகிய நாமும் கண்டதில்லை.

"வெற்றி பெற்ற புரட்சிக்குச் சட்டம் பணியத்தானே வேண்டும்?" என்று கேட்போர் உண்டு. 1947-ம் வருஷத்திய ராணுவப் புரட்சியைக் குறித்து 1953-ல் தாய்லாந்து சுப்ரீம் கோர்ட்டும் அவ்வாறே தீர்ப்பளித்தது. இவ்வாதத்தை நாம் அடியோடு மறுக்கிறோம். திருட்டு வெற்றி பெற்றால் பொருள் திருடனுக்கே சொந்தம் என்று எந்த முன்சீபாவது தீர்ப்பெழுதுவாரா? அற்ப வழக்குக்கு ஒரு நியாயம், ராஜ்யத்துக்கு ஒரு நியாயமா?

1973 அக்டோபரில் மாணவர் கிளர்ச்சி மூண்டது. பலர் உயிர் நீத்தனர். தானோம் நாட்டைவிட்டு ஓடினார். அதன்பின் மூவரும் விடுதலையாயினர். 1976-ல் உதய் சபாநாயகரானார். அதே வருஷம் செப்டம்பரில் தானோம் காவி உடையில் திரும்பி வந்தார். அவர் வரவை எதிர்த்த மாணவர்கள் அக்டோபர் 6-ம் தேதி தம்மசாத் சர்வகலாசாலையில் கொல்லப்பட்டனர். அன்று மாலையே ராணுவம் மீண்டும் அதிகாரத்தைக் கைப்பற்றியது. சபாநாயகருக்குச் சபையே இல்லாமற் போயிற்று.

பின்னர் 1983 முதல் 1986 வரையிலும், 2001 முதல் 2005 வரையிலும் அவர் அப்பீடத்தில் அமர்ந்தார். இடையே வர்த்தக மந்திரியாகவும் இருந்தார். ஜனநாயகக் கட்சியில் இருந்தவர் தனிக் கட்சி கண்டதையும், முடிவில் தக்ஷின் ஷினவத்ராவின் கட்சியில் சேர்ந்து சபாநாயகரானதையும் நாம் போற்றவில்லை. அவ்வளவு பெரிய சிறைவாசம் செய்தவர் கட்சிகளிடையே இவ்வளவு அலைந்திருக்க வேண்டியதில்லை.

ஆயினும் 1997-ம் வருஷத்திய அரசியல் சட்டத்தை வரைந்த 99 அங்கத்தினர் கொண்ட சபைக்கு அக்கிராசனம் வகித்தவர் அவரே. அச்சட்டத்தின் 65-வது ஷரத்து, முறைகேடாக ஆட்சியைப் பறிப்போரைச் சமாதான முறையில் எதிர்க்கும் உரிமையைப் பிரஜைகளுக்கு அளித்தது. 1972-ல் அவரைச் சிறைக்கனுப்பிய அந்தச் செய்கையே 1997-ல் தேசத்தின் உரிமையாக எழுத்தில் ஏறிற்று!

2006 செப்டம்பரில் டாங்கிகள் பாங்காக் வீதிகளில் வந்தன, அச்சட்டம் ஒழிந்தது. 2014-ல் மறுபடியும் ஒரு படைத்தலைவர். பெயர் பிரயுத் சான் ஓச்சா. இம்முறையும் சில பிரஜைகள், 2015-ல், அதே 113-வது ஷரத்தைக் காட்டிப் பிராது கொடுத்தனர். பிரயுத் கூட்டத்தார் தாங்களே இயற்றிய இடைக்காலச் சட்டத்தின் 48-வது ஷரத்தில் தங்களுக்கே மன்னிப்பும் எழுதி வைத்திருந்தனர். 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு அம்மன்னிப்பைச் சுட்டிக்காட்டிப் பிராதைத் தள்ளிற்று. குற்றவாளி தன் கையால் எழுதிக்கொண்ட மன்னிப்புச் சீட்டு எவ்வாறு செல்லும் என்பதற்கு அந்நாட்டு நீதிபதிகள் இன்னும் நமக்கு விடை சொல்லவில்லை.