வாயிற்காவலர் எங்கே?

பரிசில் நாடிச் சென்ற புலவர் வாயிலில் நிறுத்தப்படுவது நமக்குப் புதிய செய்தியன்று. அதியமானின் வாயிற்காவலனை நோக்கி ஔவையார் சினந்து பேசியதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆயின், அங்கே காவலன் கண்முன் நின்றான். ஏசுவதற்கேனும் ஓர் ஆள் இருந்தான். இக்காலப் புலவருக்கு அவ்வசதியும் இல்லை.

அமெரிக்காவில் 2013ஆம் ஆண்டு 'பேட்ரியன்' என்னும் இணையத்தளம் தோன்றியது. புரவலர் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லினின்று பிறந்த பெயர் அது. எழுத்தாளர், பாடகர், ஓவியர் முதலியோருக்கு அன்பர்கள் மாதந்தோறும் சில டொலர்களை அதன் வழியே அனுப்பலாம். தளத்தார் ஒரு பங்கைத் தரகாகக் கொள்வர். ஒரு மன்னனுக்குப் பதிலாக ஆயிரம் சிறு புரவலர்! இவ்வேற்பாட்டை நாம் மெச்சவே செய்கிறோம்.

2018 டிசெம்பரில் அத்தளம் கார்ல் பெஞ்சமின் என்னும் பிரித்தானியரின் கணக்கை மூடிற்று. அவர் வாயினின்று வந்த சொற்கள் இழிவானவை. அவற்றுக்காக வாதாட நாம் முன்வரோம். ஆனால், அவற்றை அவர் பேட்ரியனிற் கூறவில்லை. வேறொருவரின் யூரியூப் நிகழ்ச்சியிற் கூறியிருந்தார். இதனைக் கண்டித்து எழுத்தாளர் சாம் ஹரிஸ் தம் கணக்கைத் தாமே மூடினார். வேறு சிலர் 'சப்ஸ்கிரைப்ஸ்டார்' என்னும் மற்றொரு தளத்தை நாடினர். அம்மாதமே அத்தளத்துக்குப் பணம் செலுத்தும் சேவையைப் பேபல் கொம்பனி நிறுத்திவிட்டது.

முடிச்சு இங்கேதான் இருக்கிறது. "இக்கடை பிடிக்காவிடில் அடுத்த கடைக்குப் போகலாமே" என்பர் சிலர். கடைகள் பல, கடைத்தெருவுக்குச் செல்லும் பாலங்களோ சிலவே. அன்பர் அனுப்பும் காசு வங்கியையும் கடனட்டை நிறுவனத்தையும் கடந்தே எழுத்தாளரை அடைகிறது. அந்நிறுவனம் முகஞ்சுளித்தால் தளம் முழுவதுமே படுத்துவிடும். ஆதலின், தளத்தார் அஞ்சி, ஐயத்துக்கு இடமானவற்றை முன்கூட்டியே விலக்கிவிடுகின்றனர்.

அமெரிக்க இராஜதந்திரத் தந்திகளை வெளியிட்ட விக்கிலீக்ஸுக்கு நன்கொடை செல்லும் வழியை 2010 டிசெம்பரில் விசா, மாஸ்டர்கார்ட், பேபல் ஆகியவை அடைத்தன. எந்த நீதிமன்றமும் அதுவரை அதனைக் குற்றவாளியெனத் தீர்த்திருக்கவில்லை. விசாவுக்காக ஐஸ்லாந்தில் பணியாற்றிய வலிட்டோர் கொம்பனி செய்தது ஒப்பந்தமீறல் என்று அந்நாட்டு அதியுயர் நீதிமன்றம் 2013 ஏப்ரலிற் கூறிற்று. தீர்ப்பு வந்தது, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் போய்விட்டன.

அமெரிக்க அரசியலமைப்பின் முதலாந் திருத்தம் அரசின் கையை மட்டுமே கட்டுகிறது. ஒரு விளம்பரத் தளத்துக்குப் பணம் செல்லாதிருக்கும்படி 2015இல் சிக்காகோப் பகுதி ஷெரிப் ஒருவர் கடனட்டை நிறுவனங்களுக்கு எழுதினார். நீதிமன்றம் அதனைத் தடுத்தது. கொம்பனி தானாகவே கதவடைத்தால் அத்திருத்தம் துணைக்கு வாராது.

மோசடியையும் கள்ள அட்டையையும் தடுக்கும் கடமை கொம்பனிகளுக்கு உண்டு. தம் பெயரைக் காக்கும் உரிமையும் உண்டு. நாம் கேட்பது சிறிது. குற்றம் இன்னதென எழுத்தில் தரட்டும். மறுமொழிக்கு நாட்கள் கொடுக்கட்டும். உழைத்த காசை ஒப்படைக்கட்டும். கணக்கையோ வருமானத்தையோ நிறுத்தும் தளங்கள் காரணங் கூறவேண்டுமென ஐரோப்பிய ஒன்றியம் சட்டமியற்றி, 2024 பெப்ரவரி முதல் முழுமையாக நடைமுறைப்படுத்தியுள்ளது. அது தளத்தாருக்கு இட்ட கட்டளை. பாலத்தின் சொந்தக்காரருக்கு அன்று. வாடகை வீட்டிலிருப்பவரை எழுப்புவதற்கே எத்தனை அறிவித்தல்கள் வேண்டியிருக்கின்றன!