மூளையைக் கேட்கக் கணனிக்கு எத்தனை மூளை வேண்டும்?

நண்பர் ஒருவர் நெடுங்காலமாக ஒற்றைத் தலைவலியால் அவதியுறுபவர். வைத்தியரின் ஆலோசனைப்படி உயிரியல் பின்னூட்டப் (பயோபீட்பாக்) பயிற்சியை வீட்டிலேயே தொடர விரும்பி, மூளை மின்னலைகளை அளக்கும் பழைய கருவியொன்றை வாங்கியிருந்தார். கணனி வாங்கச் சென்றவரிடம், "மருத்துவ மென்பொருள் என்றால் சும்மாவா சேர்? பன்னிரண்டு கோர் புரொசசராவது வேண்டும்" என்றிருக்கிறார் விற்பனையாளர். பயிற்சிக்கென ஒதுக்கிய பணமும் அதிலேயே கரைந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து இணைத்தபோது, அக்கணனி கருவியை இனங்காணவே மறுத்துவிட்டது!

இது அறியாமையா, வியாபாரமா? கணக்கைப் பார்ப்போம்.

இத்தகைய கருவி வழக்கமாக விநாடிக்கு 256 தடவை அலையை அளக்கிறது. ஓர் அளவுக்கு 3 பைட் என்றால், இரண்டு மின்வாய்களுக்கு விநாடிக்கு 1,536 பைட். தலை முழுவதும் 19 மின்வாய்கள் பொருத்தினாலும் 14,592 பைட் மட்டுமே. நாம் பாட்டுக் கேட்ட இறுவட்டு விநாடிக்கு 176,400 பைட் தருகிறது. அதில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை இது! அலைகளைப் பிரித்தறியும் விரைவுக் கணிப்பு முறையைக் கூலியும் ருக்கியும் 1965இலேயே வெளியிட்டுவிட்டனர். அன்றைய கணனிகளே செய்த வேலைக்கு இன்று பன்னிரண்டு கோர் எதற்கு?

தலை முழுவதையும் அளந்து, அலையின் ஊற்றிடத்தை உடனுக்குடன் கணிப்போருக்கும், முப்பரிமாண விளையாட்டுகளைத் திரையில் ஓட்டுவோருக்கும் கூடுதல் வலு தேவை என்பதை மறுக்கவில்லை. என் நண்பர் அவர்களில் ஒருவரல்லர்.

அவருக்குத் தேவைப்பட்டது வேகமன்று, பொருத்தம். அவர் தலையில் கட்டப்பட்டது ஏஆர்எம் வகைப் புரொசசர். அதில் ஓடும் விண்டோஸ், பழைய இன்ரெல் வகை மென்பொருள்களைப் பாவனை செய்து இயக்கும். ஆனால் கருவியைக் கணனியுடன் பேசவைக்கும் ட்ரைவரை அவ்வாறு இயக்காது. அப்பழைய கருவிக்கு ஏஆர்எம் ட்ரைவர் எவரும் எழுதவில்லை. கதை முடிந்தது. 2020இன் பின் வந்த அப்பிளின் எம் வரிசைக் கணனிகளை நாடினாலும் பயனில்லை. அவற்றில் பூட்காம்ப் மூலம் விண்டோஸை நிறுவவே முடியாது.

மலிவென்று மிகப் பழையதை வாங்குவதும் தவறு. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்ரோபர் 14உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 இன்ரெலில் எட்டாம் தலைமுறை முதலே ஏற்கும். ஆகவே அதற்குப் பிந்திய, நடுத்தர இன்ரெல் அல்லது ஏஎம்டி புரொசசர் தாராளமாகப் போதும். மடிக்கணனியைப் பற்றரியில் இயக்கினால் 50 ஹேர்ட்ஸ் மின்னிரைச்சலும் குறையும். யூஎஸ்பியை உறங்கவைக்கும் மின்சேமிப்பை நிறுத்திவிடுங்கள். பயிற்சி இடையில் அறுந்துபோகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, கடைக்காரரிடம் கேட்காதீர்கள். மென்பொருளைத் தயாரித்தவர் தரும் பட்டியலைக் கேளுங்கள். கருவியைக் கையோடு கொண்டுசென்று, இணைத்துப் பார்த்த பின்னரே பணத்தை எண்ணுங்கள்.

நோயாளியின் நம்பிக்கையை விலையாக்குவதற்குப் பெயர் வியாபாரமன்று. நண்பரின் தலைவலி இன்னும் தீரவில்லை. கணனிக் கடன் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.