கூடத்தைப் பூட்டிவிட்டு நூலகம் நடத்துவோர்

பொது நூலகத்தில் கதைசொல்லல், நாடகம், இசை, ஓவியப் பயிற்சி, உரைத்தொடர், வாசகர் வட்டம் முதலியவற்றை நடத்துவது நூலகத்தின் பணியா, நூலகத்துக்கு வெளியே வைத்துக்கொள்ள வேண்டிய கேளிக்கையா என்னும் வினா கல்விப்புலத்தாரிடையே அவ்வப்போது எழுகிறது. பெரும்பாலோர் தரும் விடை ஒன்றுதான்: நூலகம் படிப்பதற்கு, மற்றவற்றுக்கு வேறு இடங்கள் உண்டு. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்விடை, இந்தியப் பொது நூலக இயக்கத்தின் வரலாற்றை அறியாமையிலிருந்து பிறப்பது. அந்த அறியாமை நூலகத்தை நிர்வகிப்போருக்கு மிகவும் வசதியானது என்பதே இங்கு எடுத்துப் பேச வேண்டியது.

இந்திய நகரம் எதுவாயினும் அதன் மாவட்ட நூலகத்துக்குக் காலையில் செல்வோர் காணும் காட்சி பெரிதும் ஒன்றே. கதவு திறக்கும் முன்பே போட்டித் தேர்வு எழுதும் இளைஞர்கள் வரிசையில் நிற்கிறார்கள். தாம் கொண்டுவந்த வழிகாட்டி நூல்களை மேசையில் விரித்து மாலைவரை அமர்ந்திருக்கிறார்கள். நூலகத்தின் அடுக்குகளில் உள்ள நூல்களைத் தொடுவோர் சிலர். ‘அமைதி காக்கவும்’ என்ற பலகை சுவரில் இருக்கிறது. மாடியில் ஒரு கூடமும் இருக்கிறது. அதில் உடைந்த நாற்காலிகளும் கட்டிவைத்த பழைய நாளிதழ்களும் கிடக்கின்றன. சாவி அலுவலரிடம் இருக்கும். நவம்பர் 14 முதல் 20 வரையான தேசிய நூலக வாரத்தில் அக்கூடம் திறக்கப்படும், குத்துவிளக்கு ஏற்றப்படும், சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தப்படும், படம் எடுக்கப்படும், மறுநாள் பூட்டப்படும். இதற்குப் பெயர் பொது நூலகம் என்றால், இந்நாட்டில் அந்நிறுவனத்தை உருவாக்கியோர் எண்ணியது வேறு எதையோ.

பரோடாவிலிருந்து தொடங்கலாம். 1906இல் தம் சமஸ்தானம் முழுவதும் கட்டாயத் தொடக்கக் கல்வியை நடைமுறைப்படுத்திய மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட், கற்ற எழுத்து மறந்துபோகாதிருக்க நூலகம் வேண்டும் என்று கண்டு, 1910இல் அமெரிக்கரான வில்லியம் ஆலன்சன் போர்டனை அழைத்து நூலகத் துறையை அமைத்தார். ஊரார் ஒரு தொகை திரட்டினால், அதற்கு ஈடான தொகையை அரசும் பஞ்சாயத்தும் தந்தன. இத்துறையில் நூல் வாங்கும் பிரிவும் நடமாடும் நூற்பெட்டிப் பிரிவும் இருந்ததோடு, காட்சிவழிக் கல்விக்கென்றே தனிப்பிரிவு ஒன்றும் இருந்தது. மாய விளக்குப் படங்களும் திரைப்படக் கருவியும் ஊர்களுக்குச் சென்றன. எழுத்தறியாதோர் பெரும்பான்மையாக இருந்த ஒரு நாட்டில், நூலகம் எழுத்தறிந்தோருக்கு மட்டும் உரியது என்று சொன்னால் அது பொதுப்பணத்தில் நடக்கும் சிறுபான்மையினர் மன்றமாகிவிடும் என்பதை அம்மன்னராட்சியே உணர்ந்திருந்தது. மக்களாட்சி உணரவில்லை.

1925இல் தோன்றிய வங்க நூலகச் சங்கத்தின் முதல் தலைவர் ரவீந்திரநாத் தாகூர். 1928இல் நூலகத்தின் பணி குறித்து எழுதுகையில் அவர் வற்புறுத்திய கருத்து, நூல்களைச் சேர்த்துக் குவிப்பதில் நூலகத்துக்குப் பெருமை இல்லை, வாசகரை விருந்தினராக அழைத்து உபசரிப்பதிலேயே பெருமை என்பதாகும். எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளை நூலக அறிவியல் மாணவர் அனைவரும் மனப்பாடமாக ஒப்பிப்பர். மூன்றாம் விதியான ‘ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர்’ என்பதன்கீழ் அவர் திறந்த அடுக்குமுறையையும் பட்டியலையும் மட்டும் பேசவில்லை. உரைகள், வாசிப்பு வட்டங்கள், கதை நேரம் போன்ற விரிவாக்கப் பணிகளையும் பேசினார். அவர் முன்னின்று முயன்றதன் பயனாக வந்த 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டமாகும். நூலக ஆணைக்குழுவின் அதிகாரங்களுள் உரைகளுக்கும் வகுப்புகளுக்கும் ஏற்பாடு செய்வதையும் அச்சட்டம் சேர்த்தது. நிகழ்ச்சி நடத்துவது நூலகப் பணியன்று என்போர் சட்டத்தையும் படிக்கவில்லை, தாம் தேர்வில் எழுதிய விதியின் விளக்கத்தையும் படிக்கவில்லை.

1951 அக்டோபரில் நேரு திறந்துவைத்த தில்லி பொது நூலகம், யுனெஸ்கோவின் துணையோடு ஆசியாவுக்கே முன்மாதிரியாகத் திட்டமிடப்பட்டது. அதன் தொடக்க அமைப்பிலேயே சமூகக் கல்விப் பிரிவு ஒன்று இருந்தது. உரைகள், கலந்துரையாடல்கள், திரைப்படக் காட்சிகள், நாடகம் ஆகியவை அதன் அன்றாட வேலைத்திட்டத்தில் இடம்பெற்றன. புதிதாக எழுத்தறிந்தோருக்கு நூலை எட்டச் செய்யும் வழி கூட்டமாக அமர்ந்து பேசுவதே என்பது அன்றைய அனுபவம். 1949ஆம் ஆண்டின் யுனெஸ்கோ அறிக்கையும் பொது நூலகத்தை மக்கள் கல்விக்கான உயிருள்ள ஆற்றல் என்றே வரையறுத்தது. உயிருள்ள ஆற்றல் என்ற சொல்லிலிருந்து ‘அமைதி காக்கவும்’ என்ற பலகைக்கு வந்து சேர்ந்த பயணம்தான் கடந்த எழுபது ஆண்டுகளின் நூலக நிர்வாக வரலாறு.

இதற்கு மாறான அனுபவம் கேரளத்தில் இருக்கிறது. 1945 செப்டம்பரில் அம்பலப்புழையில் 47 நூலகங்களின் பேராளர் கூடித் திருவிதாங்கூர் நூலகச் சங்கத்தை அமைத்தனர். பி. என். பணிக்கர் அதன் செயலாளராக ஊர் ஊராக நடந்தார். அச்சங்கம் கேரள நூலகச் சங்கமாக வளர்ந்து 1975இல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்கயா எழுத்தறிவு விருதைப் பெற்றது. 1977இல் அரசின் கைக்குப் போனது; 1989ஆம் ஆண்டின் சட்டம் தாலுகா, மாவட்டம், மாநிலம் என மூன்றடுக்குத் தேர்தல் அமைப்பை உருவாக்கி அதை மீண்டும் உறுப்பினர் கையில் ஒப்படைத்தது. இன்று 8,000க்கும் மேற்பட்ட நூலகங்கள் அவ்வமைப்பில் இணைந்துள்ளன. இவற்றில் சிறுவருக்குப் பாலவேதி, பெண்களுக்கு வனிதாவேதி, கலைக்கெனத் தனிக்குழு என்று பிரிவுகள் இயங்குகின்றன. நூலகத்தைத் தரம் பிரிக்கும்போது நூல்களின் எண்ணிக்கையோடு இச்செயல்பாடுகளும் கணக்கில் கொள்ளப்படுகின்றன. அங்கே நாடக ஒத்திகையும் நூல் வழங்கலும் ஒரே கூரையின்கீழ் நடப்பதை யாரும் முரண்பாடாகக் கருதுவதில்லை.

இனி எதிர்வாதங்களுக்கு வரலாம். அவற்றுள் வலுவானது போட்டித் தேர்வு மாணவரின் பெயரால் எழுப்பப்படுவது. வீட்டில் தனியறை இல்லாத, கட்டணப் பயிற்சி மையத்துக்கு வழியற்ற இளைஞர் ஒருவருக்கு அந்த மேசையும் மின்விசிறியும் அமைதியும் வாழ்வாதாரப் போராட்டத்தின் கருவிகள். அதைக் கெடுத்துப் பாட்டும் கூத்தும் நடத்துவது யாருக்காக என்று கேட்கிறார்கள். கேள்வி உண்மையானது. ஆனால் கேட்போர் அந்த இளைஞருக்காகத் தனிப் படிப்பகம் வேண்டும் என்று என்றும் குரல் கொடுத்ததில்லை. மாலை ஐந்து மணிக்குத் தம் நூலகங்களைப் பூட்டும் அரசுக் கல்லூரிகளைத் திறந்துவையுங்கள் என்று அவர்கள் கேட்டதில்லை. வேலைவாய்ப்பின் நெருக்கடியை நூலகத்தின் தலையில் சுமத்திவிட்டு, அதன் விலையைச் சிறுவரின் கதை நேரத்திலிருந்து பிடித்தம் செய்கிறார்கள். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி நேரம் மாடிக் கூடத்தைத் திறந்தால் கீழ்த்தளத்தின் அமைதி குலையாது. குலையும் என்று சொல்பவர் அந்தக் கூடத்துக்குள் அண்மையில் சென்று பார்த்தவராக இருக்கமாட்டார்.

அந்த மேசைகளில் யார் இல்லை என்பதையும் கேட்க வேண்டும். வீட்டு வேலை முடிந்து வரும் நடுத்தர வயதுப் பெண் எங்கே? பணி ஓய்வு பெற்ற கடைநிலை ஊழியர் எங்கே? எழுத்துக் கூட்டிப் படிக்கும் புலம்பெயர் தொழிலாளி எங்கே? இவர்களும் சொத்து வரியோடு சேர்த்தோ பொருள்களின் விலையோடு சேர்த்தோ நூலகத்துக்குப் பணம் தருகிறவர்கள். அவர்களை உள்ளே அழைக்கும் வாசல் நூற்பட்டியல் அன்று. ஒரு மருத்துவர் சர்க்கரை நோய் பற்றிப் பேசும் மாலை, பேரக்குழந்தைக்குக் கதை சொல்ல வரும் பாட்டிக்கு ஒரு நாற்காலி, தெருவிலுள்ள இளைஞர் மூன்று மாதம் ஒத்திகை பார்த்து அரங்கேற்றும் நாடகம் ஆகியவையே அவ்வாசல்.

இரண்டாம் எதிர்வாதம், நிகழ்ச்சிகள்தாம் ஏராளமாக நடக்கின்றனவே என்பது. இலக்கியத் திருவிழாக்கள், அரசுப் புத்தகக் கண்காட்சிகள், துறைசார் கொண்டாட்டங்கள் என்று நாட்காட்டி நிரம்பியிருக்கிறது என்கிறார்கள். திருவிழாவை நூலகப் பணியோடு குழப்பும் இவ்வாதம் முதல் வாதத்தைவிட ஆபத்தானது. நூலக நிகழ்ச்சியை அளக்க எளிய உரைகற்கள் உண்டு. அதை முடிவுசெய்தவர் யார்: அவ்வட்டார வாசகரா, தலைமை அலுவலகத்தின் சுற்றறிக்கையா? அது அடுக்கில் உள்ள நூலை நோக்கி யாரையேனும் நகர்த்துகிறதா, படம் எடுத்ததும் கலைகிறதா? அடுத்த வாரமும் நடக்குமா? இவற்றில் தேறாதது பந்தல் போட்ட விழா. நாடகம் நடந்தால் நாடக நூல்கள் மேசையில் வைக்கப்பட்டிருக்க வேண்டும். ஊர் வரலாறு பற்றிய கூட்டம் என்றால் முதியோர் கொண்டுவரும் பழைய நிழற்படங்களும் பத்திரங்களும் துண்டறிக்கைகளும் படியெடுக்கப்பட்டு, வட்டாரத் தொகுப்பாக நூலகத்திலேயே தங்க வேண்டும். கூட்டம் நூலை வளர்க்கிறது, நூல் கூட்டத்தை வளர்க்கிறது என்ற இந்தச் சுழற்சியில்தான் நூலகம் வாடகை மண்டபத்திலிருந்து வேறுபடுகிறது.

மூன்றாம் எதிர்வாதத்தை வெளிப்படையாக யாரும் எழுதுவதில்லை. அலுவலக அறைகளில் மட்டும் பேசுகிறார்கள். கூட்டம் கூடினால் அரசியல் வரும். அரசியல் வந்தால் புகார் வரும். புகார் வந்தால் விளக்கம் கேட்பார்கள். எனவே பூட்டு. கேரள நூலகங்களிலும் கட்சிப் போட்டி உண்டு. தேர்தல் இருக்கும் இடத்தில் அது இருக்கும். ஆனால் அங்கே சச்சரவு கூட்டத்தில் நடக்கிறது, பதிவேட்டில் இடம்பெறுகிறது, அடுத்த தேர்தலில் தீர்க்கப்படுகிறது. பூட்டிய கூடத்திலும் அரசியல் இருக்கிறது. எந்த நூல் வாங்கப்படுகிறது, எந்தப் பதிப்பகத்திடம் வாங்கப்படுகிறது, யார் பெயரில் கட்டடம் எழுகிறது என்பவை அங்கே வாசகர் பார்வைக்கு வராமல் முடிவாகின்றன. கூட்டத்துக்கு அஞ்சும் நிர்வாகம் அரசியலுக்கு அஞ்சுவதில்லை, கேள்விக்கே அஞ்சுகிறது.

பழியை நிர்வாகத்தின்மேல் மட்டும் போட்டுவிட்டு ஒதுங்கக் கல்விப்புலத்தாருக்கு உரிமை இல்லை. ஒரு பல்கலைக்கழகத்தின் ஏழெட்டுத் துறைகள் ஓராண்டில் நடத்தும் கருத்தரங்குகளில் பேசுவோரும் கேட்போரும் பெரும்பாலும் ஒரே ஆட்கள். வளாகத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள கிளை நூலகத்துக்கு அத்துறையிலிருந்து ஓர் ஆய்வாளர்கூடச் சென்று தம் ஆய்வைப் பேசியிருக்கமாட்டார். காரணமும் மறைபொருள் அன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளில் அழைப்புச் சொற்பொழிவுக்கு மதிப்பெண் உண்டு. பன்னாட்டளவு, தேசிய அளவு, மாநில அல்லது பல்கலைக்கழக அளவு என்று அதற்குப் படிகள் உண்டு. தாலுகா நூலகத்துக்குப் படி இல்லை. விளிம்புநிலை மக்களைப் பற்றிப் பன்னாட்டளவில் பேசி மதிப்பெண் பெறுவோர், அம்மக்கள் வந்து அமரக்கூடிய ஒரே இலவசக் கூடம் பூட்டிக் கிடப்பதை ஆய்வுப் பொருளாகக்கூடக் கருதவில்லை. நேர்காணலுக்காகக் கிராமத்துக்குச் சென்று ஒலிப்பதிவு செய்து வந்தவர்கள், அப்பதிவின் ஒரு படியை அவ்வூர் நூலகத்தில் வைத்து ஊராரை அழைத்து ஒருமுறை கேட்கச் செய்தால், தகவல் தந்தோருக்கு அவர்கள் குரலைத் திருப்பித் தந்ததாகவாவது இருக்கும்.

செய்ய வேண்டியவை பெரும்பணம் கேட்பவை அல்ல. அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் நூலகம் இடம்பெறுவதால் இவை மாநில அரசுகளின் கடமை என்பதிலும் ஐயமில்லை. நூலகம்தோறும் வாசகர் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சிக் குழு ஒன்று வேண்டும். நூல் கொள்முதலுக்கும் கட்டடத்துக்கும் போல நிகழ்ச்சிக்கும் ஆண்டு ஒதுக்கீட்டில் தனித் தலைப்பு வேண்டும். இரவல் போன நூல்களின் எண்ணிக்கையோடு, கூடம் எத்தனை நாள் திறந்திருந்தது என்பதும் ஆண்டறிக்கையில் வர வேண்டும். நூலகரை எழுத்தராக நடத்துவதை நிறுத்தி, கூட்டத்தைத் திட்டமிடும் பயிற்சியும் அதிகாரமும் அவருக்குத் தர வேண்டும். பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு ஆய்வேட்டின் சாரத்தையும் ஒரு பொது நூலகத்தில் மக்கள் மொழியில் எடுத்துரைப்பதைப் பட்டத்துக்கான நிபந்தனையாகவே ஆக்கலாம்.

இவை எதுவும் நடக்காது என்று சொல்வோருக்கு ஒரு வேலை இருக்கிறது. தம் ஊர் நூலகத்துக்குச் சென்று மாடிக் கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரிக்கலாம். எந்த விதியின்கீழ் அது பூட்டப்பட்டிருக்கிறது என்பதை எழுத்தில் கேட்கலாம். அப்படி ஒரு விதி இருப்பதாகத் தெரியவில்லை என்ற பதில் பெரும்பாலும் வரும். வந்த பின், பூட்டைத் திறக்கச் சொல்வதற்குத் தனியாக வாதம் எதுவும் தேவைப்படாது.