அக்குளில் தைத்த பவுன்

கூடாரம் இப்போது ஒரு பொழுதுபோக்கு. கொடைக்கானலிலும் ஏலகிரியிலும் இரவு வாடகைக்குக் கிடைக்கிறது. அதுபற்றி எனக்குப் பேச்சில்லை. ஆனால் கனடாவிலும் இங்கிலாந்திலும் இதில் இன்னொரு ரகம் உண்டாகியிருக்கிறது. ஊருக்கு நடுவே, ரவுண்டானாப் புதரிலோ மேம்பாலத்துக்கடியிலோ, யாருக்கும் தெரியாமல் ஓரிரவு படுத்தெழுந்து அதைப் படமெடுத்துப் போடுவது. லட்சக்கணக்கில் பார்க்கிறார்கள். போலீஸ்காரனின் டார்ச் அந்தப் பக்கம் திரும்பும்போது பார்க்கிறவனுக்குப் புல்லரிக்கிறது. அதே டார்ச்சுக்கு வருஷம் பூராவும் எழுந்து ஓடுகிறவன் படத்தில் இல்லை. இருந்தால் படம் கெட்டுவிடும்.

இந்தக் கேளிக்கை நம்மூருக்கு வர நாளாகும் என்று நினைக்க வேண்டாம். நம் கவிதைக்குள் அது வந்து வெகுகாலமாகிறது. பிளாட்பாரம், தெருநாய், அழுதுவடியும் விளக்கு, நசுங்கிய அலுமினியத் தட்டு: இவை நான்கும் இருந்தால் அந்நியமாதல் தயார். சென்ற மாசியில் கவிஞர் ஒருவர் காரில் வந்து, புவனகிரியில் வெள்ளாற்றுப் பாலத்தடியில் ஓரிரவு கிடந்துவிட்டு ஏழு கவிதைகளோடு திரும்பினார். ஏழிலும் 'நான்' வருகிறது. பாலத்தடியில் ஏற்கனவே படுத்திருந்த கிழவர் ஒன்றில் மட்டும், உவமையாக, வருகிறார்.

ஜாக் லண்டனும் 1902ல் இதைச் செய்தவர்தான். பழந்துணி உடுத்தி லண்டனின் கிழக்குப் பகுதிக்குள் போனார். போகுமுன் உள்பனியனின் அக்குளில் ஒரு பவுன் காசை வைத்துத் தைத்துக்கொண்டார். அடுத்த வருஷம் வந்த புத்தகத்தில் அந்தக் காசைப் பற்றியும் எழுதினார் என்பதுதான் முக்கியம். நம்மவர்களின் கவிதையில் பவுன் கண்ணில் படுவதேயில்லை. கார் சாவி பையில் இருக்கிறது, கவிதையில் இல்லை. இதைத்தான் நாம் ஐம்பது வருஷமாக 'அனுபவ உண்மை' என்று மெச்சி வந்திருக்கிறோம். எழுந்து போக முடிகிறவனின் இரவும் போக இடமில்லாதவனின் இரவும் ஒரே அனுபவமல்ல. தீவிரத்தில் கூடக்குறைய என்பதுமல்ல. முன்னவன் நட்சத்திரம் பார்க்கிறான். பின்னவன் தலைக்கடியில் வைத்த பையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பெண்ணாக இருந்தால் அவள் தூங்குவதே பகலில்தான்.

ஜி. நாகராஜன் இல்லையா என்பார்கள். 1981ல் மதுரை அரசு ஆஸ்பத்திரியில் செத்துப்போன மனிதர் அவர். அக்குளில் தைக்க அவரிடம் ஒன்றுமிருக்கவில்லை. அவரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

சட்டத்துக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். அமெரிக்காவில் ஆரகன் மாநிலத்தில் கிராண்ட்ஸ் பாஸ் என்று ஒரு சிற்றூர். பொது இடத்தில் தூங்குவதற்காகக் கம்பளியோ படுக்கையோ விரித்தாலே அது 'முகாம்' என்றும், அதற்கு அபராதம் என்றும் அவ்வூர் விதி வைத்திருந்தது. 2024 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் விதி செல்லும் என்றுவிட்டது. ஒரே சொல்தான். காசுள்ளவனுக்கு அது உல்லாசம், இல்லாதவனுக்குக் குற்றம். தமிழிலும் முகாமின் யோக்யதை இதுதான்: கலெக்டரும் முகாமிடுகிறார், குறிஞ்சிப்பாடியில் ஈழத்திலிருந்து வந்தவர்களும் முகாமில்தான் இருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் திண்ணை இருந்ததே, வழிப்போக்கனை யார் விரட்டினார்கள் என்று ஒரு பெருமூச்சு உடனே கிளம்பும். திண்ணையில் தலைசாய்க்குமுன் கேட்கப்பட்ட கேள்வி எந்த ஊர் என்பது மட்டுமல்ல. சேரியிலிருந்து வந்தவன் எந்தத் திண்ணையில் படுத்தான்? இப்போது திண்ணைக்குக் கம்பி போட்டாயிற்று. பஸ் நிலையங்களில் துளை போட்ட இரும்பு நாற்காலிகளைக் கைப்பிடி வைத்துப் பொருத்துகிறார்கள், யாரும் நீட்டிப் படுத்துவிடக் கூடாது என்று. சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனத்துக்கு வந்தவர்கள் தெருவில் படுத்தால் மட்டும் அது பக்தி.

2011 பிப்ரவரி 28 ராத்திரி, வீடற்றவர்களைத் தேடிச் சென்சஸ்காரர்கள் பாலத்தடி, ரயில்வே பிளாட்பாரம், கோயில் மண்டபம், சாக்கடைக்கென்று இறக்கிய சிமெண்டுக் குழாய் என்று போனார்கள். தேசம் முழுக்க 17 லட்சத்து 70 ஆயிரத்துச் சொச்சம் பேர் எண்ணிக்கையில் அகப்பட்டார்கள். 2013ல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம், ஜனத்தொகையில் லட்சம் பேருக்கு நூறு பேர் தங்கும் விடுதி என்று கணக்குப் போட்டது. புவனகிரி பேரூராட்சியில் லட்சம் பேர் எங்கே இருக்கிறார்கள்? ஆகவே பாலத்தடிக் கிழவர் கணக்கிலும் வரமாட்டார், கவிதையிலும் உவமைக்கு மேல் வரமாட்டார்.

நான் பாலத்தடியைப் பற்றி எழுதக் கூடாது என்கிறேனா? எழுதட்டும். பத்திரிகைக்காரர்கள் பிரசுரிக்குமுன் கவிஞரிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளலாம்: மறுநாள் காலையில் நீங்கள் வெளிக்குப் போனது எங்கே, அந்தக் கிழவர் போனது எங்கே?