நியமன நாற்காலி காலனிக்கும் வருமா?

திங்கட்கிழமை காலையில் சேலம் ஆட்சியர் அலுவலகத்துக்கோ, நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்துக்கோ போய்ப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. மூன்று சக்கர வண்டியில் வந்தவர், ஊன்றுகோலோடு பேருந்தில் இறங்கியவர், மகளின் தோளைப் பிடித்தபடி நிற்கும் பார்வையற்ற தாய், பேச்சு வராத மகனைக் கையோடு அழைத்து வந்த கூலித் தொழிலாளி. ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் ஆதார், குடும்ப அட்டை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. நம் காலனிகளிலிருந்து வந்தவர் என்றால் சாதிச் சான்றிதழும் கூடுதலாக இருக்கும்.

அந்தக் கூடுதல் காகிதம்தான் அவரைக் கூடுதலாக அலையவும் வைக்கிறது. வீட்டுமனை கேட்டால் ஆதிதிராவிடர் நலத் தனி வட்டாட்சியரிடம் போகச் சொல்வார்கள். உதவித்தொகை என்றால் சமூகப் பாதுகாப்புத் திட்ட வட்டாட்சியர், வண்டி என்றால் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், கடன் என்றால் தாட்கோ. தலித் என்று போனால் "உங்களுக்குத்தான் மாற்றுத்திறனாளி அலுவலகம் இருக்கிறதே" என்கிறார்கள். மாற்றுத்திறனாளி என்று போனால் "உங்களுக்குத் தாட்கோ இருக்கிறதே" என்கிறார்கள். இரண்டு கதவு இருப்பவனுக்கு இரண்டு மடங்கு கிடைக்கும் என்று வெளியில் நினைக்கிறார்கள். நடப்பது வேறு: இரண்டு கதவுக்கும் நடுவே உள்ள வெயிலில் நிற்பதே மிச்சம்.

இத்தனை அதிகாரிகளைப் பார்க்கிற நம்மவர், தாம் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவரைப் பார்ப்பது எப்போது? பெரும்பாலும் விழா மேடையில்தான். மூன்று சக்கர வண்டி கொடுப்பார்கள், படம் எடுப்பார்கள், மறுநாள் நாளிதழில் வரும். (எங்கள் பக்கங்களிலும் வந்திருக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.) அந்தப் படத்தில் வண்டியில் உட்கார்ந்திருப்பவர் என்ன கேட்டார் என்று யாரும் எழுதுவதில்லை. அவரைப் பேசவிட்டால்தானே எழுதுவதற்கு?

2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய இரண்டு திருத்தச் சட்டங்களை இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஒன்று ஊராட்சிகள் சட்டத்துக்கான திருத்தம், மற்றொன்று நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்துக்கானது. கிராம ஊராட்சி முதல் மாநகராட்சி வரை மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க இவை வழிசெய்தன. மாநிலம் முழுவதும் சேர்த்தால் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள். சேலம் மாவட்டத்தில் மட்டும் 385 ஊராட்சிகள் உண்டு, நாமக்கல்லில் 300-க்கு மேல். அதாவது நம் இரண்டு மாவட்டங்களின் கிராமங்களில் மட்டும் ஏறத்தாழ 700 பேர். நகர்ப்புறங்களுக்கு 2025 ஜூலையில் விண்ணப்பம் வாங்கினார்கள். நம் காலனிகளில் எத்தனை பேருக்கு அந்தச் செய்தி எட்டியது? கட்சி அலுவலகத்துக்குப் போய்வருகிறவர்களுக்கு அது முதலில் எட்டியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மாற்றுத்திறனாளிகள் ஆண்டுக்கணக்கில் கேட்டுவந்த கோரிக்கை இது. சாலையில் அமர்ந்தும், வட்டாட்சியர் அலுவலகங்களில் குடியேறும் போராட்டம் நடத்தியும் உரிமைகளை ஒவ்வொன்றாகப் பெற்ற வரலாறு அவர்களுடையது. 100 நாள் வேலையில் 4 மணி நேரம் வேலை செய்தால் முழுக் கூலி என்ற ஏற்பாடும் அப்படி வந்ததுதான். ஆகவே நியமன இடத்தை யாரோ போட்ட பிச்சை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் நியமனம் என்ற சொல்லைக் கேட்டதும் தலித் வாசகருக்கு வேறு சில நினைவுகளும் வரும், வரவும் வேண்டும்.

1919-ல் சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் அளித்த அம்பேத்கர், தீண்டத்தகாதோருக்கு நியமனம் போதாது, தங்கள் பிரதிநிதிகளைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும் என்று வாதிட்டார். நியமித்தவருக்கு விசுவாசமாக இருப்பவரே நியமன உறுப்பினர் ஆவார் என்ற அச்சம் நியாயமானது. அதே காலத்தில் சென்னை சட்டமன்றத்தில் நம் தலைவர்கள் நியமன உறுப்பினர்களாகத்தான் நுழைந்தார்கள். எம்.சி.ராஜா அங்கே இருந்துகொண்டு, இழிவாக வழங்கிய பெயர்களை நீக்கி ஆதிதிராவிடர் என்று அரசு ஆவணங்களில் குறிக்கக் கோரினார். 1922-ல் அரசாணை வந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1924-ல் கொண்டுவந்த தீர்மானம் பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டடங்களில் எல்லோரும் புழங்கலாம் என்பதை அரசின் வாயாலேயே சொல்லவைத்தது. யார் நியமித்தார்கள் என்பதைவிட, உள்ளே போனவர் யாருக்காகப் பேசினார் என்பதே நின்றது.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது. அவர்களுக்கு அவையில் வாக்கு இருந்தது. நகராட்சி, மாநகராட்சிகளில் நியமன உறுப்பினருக்குக் கூட்டத்தில் வாக்கு இல்லை என்று அரசியல் சட்டத்தின் 243ஆர் பிரிவே சொல்லிவிடுகிறது. பேசலாம், கேட்கலாம், கைதூக்க முடியாது. வாக்கு இல்லாதவரிடம் பேரம் பேச யாரும் வரமாட்டார்கள். பேச்சு ஒன்றுதான் அவருடைய பலம் என்றால், அந்தப் பேச்சு கூட்டக் குறிப்பேட்டில் ஏறியதா என்று வெளியே இருந்து பார்க்க ஆட்கள் வேண்டும்.

நாற்காலி கிடைத்தாலே உட்கார்ந்துவிட முடியும் என்பதும் நம் அனுபவம் இல்லை. 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சி மன்றத் தலைவரையே தரையில் உட்கார வைத்த படத்தை நாடு பார்த்தது. அவர் தேர்தலில் வென்று வந்தவர், தலைவர் பதவியில் இருந்தவர். அவருக்கே அந்த நிலை என்றால், வாக்கில்லாத ஓர் உறுப்பினர், அதிலும் தவழ்ந்து வருகிற தலித் பெண், படியேறிப் போகவேண்டிய ஊராட்சி அலுவலகத்தில் எங்கே உட்காருவார்? பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களை எல்லோரும் அணுகும்படி மாற்ற 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஐந்தாண்டு கெடு வைத்தது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. கிராம நிர்வாக அலுவலகம், ரேஷன் கடை, ஊராட்சி அலுவலகம் என்று உங்கள் ஊரில் எண்ணிப் பாருங்கள். வாக்குப்பதிவு நாளில் மட்டும் பள்ளிக்கூடத்துக்குச் சக்கர நாற்காலி வருகிறது. மறுநாள் அதைக் காணோம்.

நியமனம் செய்யும்போது பட்டியல் சாதி மாற்றுத்திறனாளிகளுக்கு எத்தனை இடம், அதில் பெண்களுக்கு எத்தனை என்ற கேள்வியை இரண்டு மாவட்டங்களின் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் இப்போதே வைக்க வேண்டும். கெங்கவல்லி, ஆத்தூர், இராசிபுரம் ஆகிய தனித்தொகுதிகளின் உறுப்பினர்களுக்கு இதில் கூடுதல் கடமை உண்டு. ஏற்காடும் சேந்தமங்கலமும் பழங்குடியினருக்கான தொகுதிகள். மலையிலிருந்து இறங்கி வர முடியாத மாற்றுத்திறனாளிகளின் கணக்கை அவர்களிடம் கேட்கலாம். ஆப்பிரிக்காவில் உள்ள உகாண்டா 1990-களிலேயே ஒவ்வொரு மட்ட உள்ளாட்சி மன்றத்திலும் மாற்றுத்திறனாளிகளுக்கு இரண்டு இடம் ஒதுக்கி, அதில் ஒன்று பெண்ணுக்கு என்று சட்டத்திலேயே எழுதியது. அங்கே எழுத முடிந்தது இங்கே ஏன் முடியாது?

இனி, கிராமம். சேலம், நாமக்கல் உள்ளிட்ட 28 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. மன்றமே இல்லாத இடத்தில் நியமன உறுப்பினர் யாரோடு உட்கார்ந்து பேசுவார்? இந்தக் கேள்விக்கு உள்ளாட்சித் தேர்தல்தான் பதில். ஆனால் தலைவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் அதன் உறுப்பினர், அதற்கு யாரும் நியமிக்க வேண்டியதில்லை.

கிராம சபையை மதச்சார்புள்ள வளாகத்தில் நடத்தக் கூடாது என்பது அரசின் நெறிமுறை. கோயில் மண்டபத்தில் கூட்டினால் நம்மவர் ஓரமாக நிற்க வேண்டிவரும் என்பதை அறிந்தவர்களுக்கு இந்த ஒரு வரியின் மதிப்பு தெரியும். ஒரே இடத்தில் நடத்தாமல் குக்கிராமங்களுக்குச் சுழற்சி முறையில் கொண்டுபோக வேண்டும் என்பதும் நெறிமுறைதான். அப்படியானால் அடுத்த கூட்டம் காலனியில் நடக்கட்டும் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது. குறைந்தபட்ச வருகைக் கணக்கும் இருக்கிறது. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இந்த எண்ணிக்கையை நிரப்ப அவர்களுக்கு நம் தெரு தேவைப்படுகிறது. கையெழுத்துக்காகப் பதிவேடு வீடு தேடி வரும்போது, நம் தீர்மானம் அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். படிக்கத் தெரியாதவருக்குக் கல்லூரி மாணவர் படித்துக் காட்டலாம். நம் மாணவர்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய அரசியல் வேலை இன்றைக்கு இதுதான் என்று சொன்னால் மிகையில்லை.

தீர்மானம் எப்படி இருக்க வேண்டும்? "மாற்றுத்திறனாளிகளுக்கு உதவ வேண்டும்" என்று எழுதினால் ஒருவருக்கும் வேலை வராது. "காலனி ரேஷன் கடைக்கு மூன்று படி இருக்கிறது, சாய்தளம் வேண்டும்" என்று எழுதினால் யார், எந்த நிதியில் செய்வது என்று யாராவது பதில் சொல்லியாக வேண்டும். வீட்டுமனை, வீடு, வறுமை ஒழிப்புத் திட்டங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதம், அதில் பெண்களுக்கு முன்னுரிமை என்று 2016 சட்டத்தின் 37-வது பிரிவு சொல்கிறது. உங்கள் ஊரில் கடைசியாகக் கொடுத்த மனைப் பட்டியலில் அந்த 5 சதவீதம் யார் என்று கேளுங்கள். பெயர் இருந்தால் மகிழ்ச்சி. இல்லையென்றால் அந்தத் தீர்மான நகலோடு சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்குப் போகலாம்.

சட்டமன்ற உறுப்பினரிடம் போகும்போது நாம் செய்யும் பிழை ஒன்று உண்டு. ஆளுக்கொரு மனுவாக நாற்பது மனு கொடுக்கிறோம். அவர் நாற்பதையும் வட்டாட்சியருக்கு அனுப்புகிறார். அது பழைய வரிசைக்கே திரும்பி வருகிறது. அவரால் மட்டுமே செய்ய முடிவதைக் கேட்க வேண்டும். சட்டமன்றத்தில் கேள்வி எழுப்பலாம், தொகுதி மேம்பாட்டு நிதியில் வேலை எடுக்கலாம். 2022 ஆகஸ்டில் ஒவ்வொரு உறுப்பினரிடமும் தொகுதியின் பத்து முக்கியக் கோரிக்கைகளை முதலமைச்சர் கேட்டு வாங்கினார். அந்தப் பத்தில் ஒன்றாவது மாற்றுத்திறனாளிகளைப் பற்றியதா என்று கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

சட்டமன்றத்தின் மனுக்கள் குழு மாவட்டத்துக்கு வரும்போதும் இதே கதைதான். ஓய்வூதியம், பட்டா, வேலை என்ற தனிநபர் குறைகளை அந்தக் குழு எடுப்பதில்லை, பொதுப் பிரச்சினையை எடுக்கும். "எனக்கு உதவித்தொகை வரவில்லை" என்பது தள்ளுபடியாகும். "எங்கள் ஒன்றியத்தில் மருத்துவச் சான்று முகாம் நடக்கவில்லை" என்பது நிற்கும். சொல்கிற முறையில்தான் இத்தனை வேறுபாடு.

நாடாளுமன்ற உறுப்பினரின் நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். அதில் 15 சதவீதம் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கு, 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிகளுக்கு என்பது வழிகாட்டு நெறி. மாற்றுத்திறனாளிகளுக்கு வண்டி வாங்கவும் அந்த நிதியில் இடம் உண்டு. இரண்டும் சேரும் புள்ளியில் நாம் இருக்கிறோம்.

இன்னொரு மேசையும் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 17-வது விதிப்படி ஆட்சியர் தலைமையில் மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் அதில் உறுப்பினர்கள். கடைசியாக எப்போது கூடியது, நம் உறுப்பினர் வந்தாரா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க 10 ரூபாய் போதும். இந்தக் குழுவில் மாற்றுத்திறனாளி மீதான வன்கொடுமை ஏன் தனியாகப் பேசப்பட வேண்டும் என்று கேட்பவர்கள் 2021 ஏப்ரலில் பதான் ஜமால் வலி வழக்கில் உச்ச நீதிமன்றம் எழுதியதைப் பார்க்கலாம். பாதிக்கப்பட்டவர் பிறவியிலேயே பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண். சாதி, பாலினம், ஊனம் மூன்றும் தனித்தனியாக நின்று ஒடுக்குவதில்லை, ஒன்றோடொன்று பின்னித்தான் ஒடுக்குகின்றன என்று நீதிமன்றம் விளக்கியது. ஆனாலும் அன்றைய சட்ட வாசகப்படி சாதியை முன்னிட்டுக் குற்றம் நடந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்று வன்கொடுமைச் சட்டத் தண்டனை ரத்தானது. பாலியல் வன்கொடுமைக்கான ஆயுள் தண்டனை மட்டும் நின்றது. நீதிபதிகளுக்குப் புரிந்ததைக்கூடச் சட்டத்தின் வாசகம் தாங்கவில்லை. வாசகத்தை மாற்றுகிறவர்கள் நாம் தேர்ந்தெடுத்தவர்கள்தான்.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லியாக வேண்டும். தலித் இயக்கங்களின் மேடைகளில் மாற்றுத்திறனாளி பேசி எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? கூட்டம் மாடியில் இருக்கும், சைகை மொழியில் சொல்ல ஆள் இருக்கமாட்டார். நம் தெருவில் அம்பேத்கர் பெயரில் கட்டிய மன்றங்களில் எத்தனைக்குச் சாய்தளம் வைத்தோம்? மறுபக்கம், மாற்றுத்திறனாளிகள் சங்கங்களின் பொறுப்பாளர் பட்டியலில் அருந்ததியர் தெருவிலிருந்து ஒருவரைத் தேட வேண்டியிருக்கிறது. சேகோ ஆலையிலும் விசைத்தறியிலும் கை இழந்தவர், சாக்கடையில் இறங்கி மூச்சுக் கெட்டவர் என்று நம் தெருக்களில் ஊனம் வேலையின் வழியாகவும் வருகிறது. அதைப் பேச இரு சங்கங்களும் ஒரே மனுவில் கையெழுத்திட்டு, ஒரே நாளில், ஒரே அலுவலகத்துக்குப் போனால் "அந்த அலுவலகத்துக்குப் போங்கள்" என்று சொல்ல எதிரே இருப்பவருக்கு வாய் வராது.

மனு கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். முப்பது நாள் கழித்து அதே ஆட்கள் மறுபடி போங்கள். அடுத்த கிராம சபைக்கு ஏழு நாள் முன்பே ஊராட்சிச் செயலரைப் பார்த்து, கூட்டம் எந்தத் தெருவில், படியேறாமல் வரக்கூடிய இடத்தில்தானா என்று கேட்டுவிடுங்கள்.