முதுகொடியும் நிறைகோலும்

விளைபொருளை எடையால் மட்டுமே மதிப்பிடும் சந்தை, நல்ல பொருளை விளைவிப்பவனையே முதலில் வறியவனாக்கும். இவ்வுண்மைக்குத் தென் ஆஸ்திரேலியாவின் பரோசாப் பள்ளத்தாக்கு தக்க சான்றாகும். அங்குள்ள முதிய திராட்சைக் கொடிகளிலிருந்து கிடைக்கும் செந்நிற மதுவுக்குச் சுவைஞர்கள் இன்று தனியிடம் அளிக்கின்றனர். மது அருந்துமாறு எவரையும் தூண்டுவது நம் கருத்தன்று. அக்கொடிகளைக் காத்த குடியானவருக்கு உரிய கூலி கிடைத்ததா என்பதே கூட்டுறவாளராகிய நமது கேள்வி.

1842 முதல் அப்பள்ளத்தாக்கில் குடியேறிய ஜெர்மானியக் குடும்பங்கள் திராட்சை பயிரிட்டன. லாங்மைல் என்னுமிடத்தில் 1843-இல் நடப்பட்ட ஷிராஸ் கொடிகள் இன்றும் காய்க்கின்றன. ஐரோப்பியத் தோட்டங்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அழித்த பிலோக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சி, 1877-இல் அண்டை மாநிலமான விக்டோரியாவிலும் கண்டறியப்பட்டது. தென் ஆஸ்திரேலியா 1899-இல் சட்டம் இயற்றித் தன் எல்லையைக் காத்துக்கொண்டது. அப்பூச்சி அங்கு இன்னும் புகவில்லை. ஐரோப்பாவில் அமெரிக்க வேர்க்கொடியின்மீது ஒட்டுக்கட்டியே பயிரிட வேண்டியதாயிற்று. பரோசாவின் முதுகொடிகளோ தம் சொந்த வேரிலேயே நிற்கின்றன.

சுவைத்து மதிப்பிடும் முறையைச் சற்றுக் கூறுவோம். சுவைஞர் கிண்ணத்தைச் சுழற்றி மணத்தை முகர்வார்; ஒரு வாய் கொண்டு நாவெங்கும் பரவச் செய்து உமிழ்ந்துவிடுவார்; பின்னர் அச்சுவை எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்று கவனிப்பார். முதுகொடி ஷிராஸில் கறுத்த பழங்களின் செறிவும் மிளகின் காரமணமும் தோன்றும் என்பர். இளங்கொடியின் மதுவிலும் பழமணம் உண்டு. ஆயின், துவர்ப்பும் புளிப்பும் பழச்சுவையும் ஒன்றையொன்று மீறாமல் அமைந்து, உமிழ்ந்த பின்னும் நெடுநேரம் நிற்பதே முதுகொடியின் சிறப்பென அவர்கள் கூறுகின்றனர். ஆழ்ந்த வேரும் பருத்த அடிமரமும் வறட்சியைத் தாங்க உதவுகின்றன. குலைகள் குறைவாதலின், சாறு செறிவு பெறுகிறது.

முதுமை ஒன்றே தரமாகிவிடாது என்பதையும் மறத்தலாகாது. சுவை குன்றிய கொடிகளைத் தோட்டக்காரர் முன்னரே களைந்திருப்பர். நல்லவை எஞ்சியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். எனவே, வயதைப் பட்டயமும் பதிவேடும் காட்டலாம். தரத்தை நாவே தீர்மானிக்க வேண்டும்.

குலை குறைந்தால் சுவை கூடலாம். டன் கணக்கில் விற்கும் உழவனுக்கோ வருவாய் குறையும். 1980-களில் செந்நிற மதுவுக்குத் தேவை குன்றித் திராட்சை தேங்கியபோது, கொடிகளைப் பிடுங்குவோர்க்கு அரசாங்கமே பணம் கொடுத்தது. கடன்பட்ட குடியானவர் வேறென்ன செய்வர்? பாட்டன் வைத்த ஷிராஸும் கிரெனாஷும் வேரோடு சாய்ந்தன. சில ஆண்டுகளிலேயே உலகச் சந்தை அவற்றைத் தேடிவந்தது. ஆனால் நூறாண்டுக் கொடியைப் பெறுவதற்கு நூறாண்டுகள் வேண்டுமன்றோ!

அந்நெருக்கடிக் காலத்தில் பீட்டர் லேமன் என்பவரின் செயல் போற்றத்தக்கது. உழவர்களிடம் வாய்மொழியாக ஒப்புக்கொண்ட திராட்சையை வாங்கலாகாது என்று அவர் பணியாற்றிய நிறுவனத்தின் மேலிடம் கூறிற்று. அவர் சொல் தவறாது, வேறு முதலீட்டாளரைச் சேர்த்துக்கொண்டு 1979-இல் தனி நிறுவனம் கண்டு, உழவர்களின் திராட்சையை வாங்கினார். எனினும், ஒருவரது நற்பண்பை மட்டும் நம்பி ஒரு தொழில் வாழ இயலாது. நற்பண்பு விதியாக எழுதப்படல் வேண்டும்.

அத்தகைய விதி பின்னர் எழுந்தது. பரோசா 2009-இல் முதுகொடிப் பட்டயம் ஒன்றை ஏற்று, 35, 70, 100, 125 என்னும் வயது எல்லைகளில் கொடிகளை நான்கு வகுப்புகளாக்கியது. பன்னாட்டுத் திராட்சை மற்றும் மது அமைப்பும் 2024-இல் 35 ஆண்டை முதுகொடிக்கு எல்லையாக வரையறுத்தது. இவை வரவேற்கத்தக்கவை, ஆயினும் போதியவை அல்ல. புட்டியின்மீது ‘முதுகொடி’ என்று அச்சிட்டுப் பெறும் மிகுதி விலையில் ஒரு பங்கு தோட்டத்தை அடையாவிடில், அச்சொல் வணிகரின் அணியாகவே நின்றுவிடும்.

நம் சங்கங்களுக்கும் இதில் பாடம் உண்டு. நெருக்கி நெய்த சேலைக்கும் தளர நெய்த சேலைக்கும் ஒரே கூலி தந்தால், நெருக்கி நெய்பவர் எத்தனை நாள் நிலைப்பார்? கொள்முதல் குழுவில் தரம் காணவல்ல உறுப்பினர் அமர வேண்டும்; தரத்திற்கேற்ற விலைப்படி முன்னரே அறிவிக்கப்பட வேண்டும்; மிகுதி விலை விளைவித்தவரைச் சேர்ந்ததா என்பது கணக்கில் காட்டப்பட வேண்டும். இம்மூன்றையும் அடுத்த பொதுக்குழுவில் வற்புறுத்துவது உறுப்பினர் கடமை. வேர் சாய்ந்தபின் விலை உயர்ந்து பயனில்லை.